அவர் குடிக்கவில்லை

என் கணவரை ஒரு மீன் வண்டியில் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலுக்கு ஓடினேன். அவர் என்னைப் பார்த்து, "டோக்கன் வாங்கிக்கினியா?" என்று கேட்டார். எந்த டோக்கன் என்று எனக்குப் புரியவில்லை. மறுபடியும் அதையே கேட்டார். நாக்கு தடித்திருந்தது. இறக்கிவிட்டபோது கால் தரையில் ஊன்றவில்லை. பனியனெல்லாம் வாந்தி.

அவருடைய நோயின் அறிகுறியை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். பார்த்தும் அதை நோய் என்று நினைக்கவில்லை. குடி என்று நினைத்தேன்.

கபடி ஆடுகிறவர்கள், போலீஸ் தேர்வுக்காக ஓடுகிறவர்கள், எடை குறைப்பதற்காக வெயிலில் உடற்பயிற்சி செய்கிறவர்கள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பொன்னேரியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். மற்றவர்களுடைய வாக்குமூலங்களை நிறைய அடித்திருக்கிறேன். இது என்னுடையது.

எங்கள் குப்பம் தோணிரேவு என்ற ஊரைத் தாண்டி, ஏரியை ஒட்டி இருக்கிறது. என் கணவர் தேசப்பன் ஏரியில் இறால் வலை விடுபவர். எந்த நாளில் யார் எங்கே வலை விடலாம் என்று ஊரில் முறை பிரித்துக் கொடுப்பார்கள். அதைப் பாடு என்போம். பாடு இல்லாத நாட்களில் அவரைக் கபடி மைதானத்தில்தான் பார்க்கலாம். அப்போது அவருக்கு முப்பது வயது.

கல்யாணமான புதிதில் அவர் குடித்துக்கொண்டிருந்தார். மகள் யாழினி பிறந்த வாரத்தில் விட்டார். யாரும் சத்தியம் கேட்கவில்லை, அவராகவே விட்டார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் தொடவில்லை. ஆனாலும் அந்த ஐந்து வருடமும், அவர் வாசலில் நுழையும்போது முதலில் அவர் நடையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கிறேன் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அணியின் கேப்டன் என் அண்ணன் ஏழுமலை. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தது அவன்தான். குடியை விட்ட தேசப்பனை மறுபடியும் அணியில் சேர்த்ததும் அவன்தான். "மச்சான் இல்லாம டீமே இல்லம்மா" என்பான். அதற்காக அவன்மேல் எனக்கு மிகுந்த நன்றி இருந்தது.

அது வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊரில் போட்டி. அறுபத்தைந்து கிலோவுக்கு உட்பட்டவர்கள்தான் ஆடலாம். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் மிஷினில் ஏற்றி எடை பார்ப்பார்கள். முந்தின நாள் இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சொம்பில் தண்ணீர் வைத்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு எழுந்துபோனார். பசியில்லை என்றார். இரண்டு நாளாக வயிறு வேறு சரியில்லாமல் இருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை. காலையில் நான் எழுவதற்குள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

பகல் ஒரு மணி வாக்கில் மீன் வண்டி வந்து நின்றது. கூட இருந்தது அண்ணன்தான்.

"மேட்ச் நடுவுல விழுந்துட்டான். எங்க ஏறிப் போவணும்னே தெரியாம நம்ம ஆளுங்க மேலயே கபடி பாடிகினு வர்றான். கூட்டமே சிரிக்கிது" என்றான்.

"இன்னாண்ணா ஆச்சி? குடிச்சாரா?"

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பின்ன இன்னா? ஆளப் பாரு. தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும். நீ ஒண்ணும் பேசிக்காத."

அவரைத் தகர ஷீட் கூரை போட்ட அறையில் பாயில் கிடத்தினார்கள். மகள் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். வெளியே தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஒரு பெண் என் காதில் விழும்படியே, "அஞ்சு வருசம் தாங்குச்சே, அதுவே பெருசு" என்றாள்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இந்த ஐந்து வருடமும் என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். தாமதமாக வந்த நாட்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அன்றும் குடித்திருப்பார், அன்றும் குடித்திருப்பார் என்று சேர்த்துக்கொண்டே போனேன். உள்ளே அவர் முனகினார். போகவில்லை. கிடக்கட்டும் என்று இருந்தேன். ஒருமுறை குனிந்து அவர் வாயை மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவரைக் கையால் தொட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்த யாழினிதான் ஓடிவந்தாள். "அம்மா, நைனா கை ஆடுது."

கை மட்டும் ஆடவில்லை. உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. நெஞ்சில் கை வைத்தேன். சூடு பொறுக்காமல் எடுத்துவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

ஆம்புலன்சில் வந்த பணியாளர் முதலில் செய்த காரியம் அவர் பனியனைக் கத்தரித்ததுதான். வழியெல்லாம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். அண்ணனும் கூட வந்தான். பொன்னேரியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் மருத்துவர் ஆசனவாய் வழியாகச் சூடு பார்த்தார். நூற்றேழு டிகிரி. அக்குளில் பார்த்தால் உள்சூடு சரியாகத் தெரியாது என்று பிறகு சொன்னார்.

அடுத்து நடந்தது எனக்கு விளங்கவே இல்லை. ஊசி, மாத்திரைக்கு முன்னால் ஐஸ் வந்தது. ஈரத்துணியால் உடம்பை மூடி, மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டி, இரண்டு மின்விசிறிகளை இழுத்துவைத்தார்கள். "சென்னைக்கு எழுதிக் குடுங்க, உடனே கொண்டுபோறோம்" என்றான் அண்ணன்.

"முதல்ல சூடு எறங்கணும். அப்புறம்தான் அனுப்புவேன்" என்றார் மருத்துவர். "வழியில போற ஒவ்வொரு நிமிஷமும் மூளை வெந்துகிட்டே இருக்கும்."

நடையில் எங்களை நிற்கவைத்துக் கேட்டார். "காலையில இருந்து என்ன பண்ணினார்?"

அண்ணன்தான் பதில் சொன்னான். "ஒண்ணும் இல்ல டாக்டர். சரக்கு போட்டுட்டு வெயில்ல ஆடிட்டான்."

"நான் பக்கத்துல போய்ப் பார்த்தேனே. வாடையே இல்லையே."

"இல்ல டாக்டர்... வேர்த்து ஊத்துச்சி. வெயில் அடிச்சிருந்தா உடம்பு காஞ்சில்ல இருக்கும்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். சும்மா இருக்கும் முதியவர்களுக்கு வெயில் தாக்கினால் தோல் வறண்டிருக்கலாம். ஓடி ஆடுகிறவர்களுக்கு வருவது வேறு. அது உழைப்பு வெப்பத் தாக்கு (கடும் உடலுழைப்பால் உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கி, மூளையைக் குழப்புவது). அதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். "வெயில்ல ஆடற ஒருத்தர் திடீர்னு உளறினா, தள்ளாடினா, கோபப்பட்டா, இதுதான்னு வச்சுக்கணும். குடியா இல்லையான்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

சூடு இறங்கியதும் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே பதினெட்டு நாள். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் வந்தது. தசைச் சிதைவு (சூட்டில் தசை நார்கள் உடைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பது) என்றார்கள். நான்கு முறை டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம்செய்து திருப்பி அனுப்புவது) செய்தார்கள். கல்லீரலும் அடிபட்டிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரிந்ததே ஆறாம் நாள்தான்.

நான்காம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். போட்டிக்கு அவர் எடுத்துப்போன பை மூலையில் கிடந்தது. வாடை அடித்தது. துவைத்துப் போடலாம் என்று கவிழ்த்தேன். துண்டு, முட்டிக்குப் போடும் பட்டை, அடியில் ஒரு மழைக்கோட்டு.

அண்ணனுடைய மழைக்கோட்டு அது. பைக்கில் போகும்போது போடுவான். முதுகில் கிழிந்த இடத்தில் நான்தான் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொடுத்திருந்தேன். உள்பக்கம் முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் ஊரில் மழை பெய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அதை மடித்து, பையில் வைத்து, ரயில் ஏறினேன். அண்ணன் மருத்துவமனை வாசலில் டீக்கடையில் நின்றிருந்தான். பையைத் திறந்து காட்டினேன்.

"வைகாசியில மழைக்கோட்டு இன்னாத்துக்குண்ணா?"

டீ கிளாசைக் கீழே வைத்தான். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னான். எடை ஒன்றரைக் கிலோ கூட இருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். காலையில் அவருக்கு மழைக்கோட்டைப் போட்டுவிட்டு மணலில் ஓடவிட்டான். பத்து மணிக்கு மிஷினில் ஏறி எடை சரியாக நின்றது. அதற்குப் பிறகும், வயிறு கனத்தால் ஆட முடியாது என்று இரண்டு மடக்குக்குமேல் குடிக்க விடவில்லை. முதல் ஆட்டத்தின் பாதியிலேயே தேசப்பன் தலை சுற்றுகிறது என்றிருக்கிறார். "இன்னும் அஞ்சு நிமிசம் மச்சான்" என்று இவன் அனுப்பியிருக்கிறான்.

"எல்லா டீம்லயும் பண்றதுதாம்மா. நானும் எத்தினியோ தடவ பண்ணிகீறேன். ஒண்ணும் ஆனதில்ல."

"அப்புறம் இன்னாத்துக்குக் குடின்னு சொன்ன?"

"கூட்டத்துல யாரோ போதைன்னு கத்துனான். எல்லாம் என்னப் பாத்தாங்க. வாயில வந்துட்டுது. ஒருவாட்டி சொல்லிட்டேன், அப்புறம் மாத்த முடியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. டாக்டர் கேட்டாங்களே, அவங்ககிட்டயாவது."

அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஊரு நம்பும்னு தெரியும். நீ நம்புவன்னு நான் நெனைக்கலம்மா" என்றான்.

அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. நான் படியேறிப் போனேன்.

சென்னை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "வெயில்லயே பொறந்து வளந்தவரு சார். வருசம் பூரா வெயில்லதான் வேல. அவருக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"ஏரியில இடுப்பளவு தண்ணியில நிக்கறார். சூட்டைத் தண்ணி இழுத்துக்குது. கரையில அந்த வேலைய வேர்வைதான் செய்யணும். வேர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும். மழைக்கோட்டுக்குள்ள எங்க காயறது? தண்ணி குடிக்கலன்னா வேர்வைக்கும் வழியில்ல. வயிறும் சரியில்லாம இருந்திருக்கு. அன்னிக்கு அவர் ஆடியிருக்கவே கூடாது."

பிறகு கேட்டார். "மைதானத்துக்கும் ஏரிக்கும் எவ்வளவு தூரம்மா?"

"அந்த ஊரும் ஏரிக்கரைதான். நூறடி இருக்கும் சார்."

பேனாவைக் கீழே வைத்தார். "நாலு பேர் தூக்கிட்டுப் போய்க் கழுத்து வரைக்கும் தண்ணியில வச்சிருந்தா போதும். தலைய மட்டும் மேல பிடிச்சுக்கணும். மொத அரை மணி நேரத்துக்குள்ள சூட்டை எறக்கிட்டா பெரும்பாலும் தப்பிச்சுடுவாங்க."

என் கணவர் விழுந்ததும் வலைகளை மூடும் தார்ப்பாயை மேலே போட்டு இருபது நிமிடம் படுக்கவைத்திருந்தார்கள். வந்த மீன் வண்டியில் அவர் தலைமாட்டிலேயே ஐஸ் பெட்டி இருந்தது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதுதான். நிழலுக்குக் கொண்டுபோங்கள், சட்டையைக் கழற்றுங்கள், கிடைக்கிற தண்ணீரில் முக்குங்கள், ஐஸ் இருந்தால் கொட்டுங்கள். ஆம்புலன்ஸ் வந்துசேரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது, கெடுதலும் செய்யும்.

சிறுநீரகம் தேறியது. கல்லீரலும் தேறியது. வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆட்டோவிலிருந்து இறங்கி அவர் நான்கடி நடந்தார். கால்கள் அகன்று, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாவி எங்க" என்று கேட்டார். சொற்கள் இழுத்து இழுத்து வந்தன.

சிறுமூளை (நடையையும் பேச்சையும் கைகால் ஒழுங்கையும் கவனிக்கும் மூளையின் பின்பகுதி) சூட்டுக்குச் சீக்கிரம் கெட்டுப்போகுமாம். ஓரளவு திரும்பும், முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்று சென்னையிலேயே சொல்லியிருந்தார்கள். அது இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குடிக்காத என் கணவர் நாள் முழுவதும் குடித்தவரைப்போல நடந்தார், குடித்தவரைப்போலப் பேசினார்.

ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கூட்டத்தில் சொன்ன பொய்யைக் கூட்டத்திலேயே மாற்றிச் சொல்லச் சொன்னேன். "சொல்றேம்மா" என்றான். ஒரு ஊர்க்கூட்டம் போனது, அவன் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனான். பிறகு சென்னையில் காசிமேட்டில் வேலை கிடைத்தது என்று குடும்பத்தோடு போய்விட்டான். நானே எழுந்து சொன்னேன். மழைக்கோட்டையும் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். கட்டின புருசனை விட்டுக்கொடுப்பாளா என்று வெளியே வந்து பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனாலும் ஒன்று நடந்தது. இப்போது எங்கள் மைதானத்தின் ஓரத்தில், ஆட்டம் நடக்கும் நாளில், மீன் போடும் பெரிய தொட்டியில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி வைக்கிறார்கள். ஆள் உட்காரும் அளவு பெரிய தொட்டி. முதலில் நான்தான் சொந்தமாக வைத்தேன், சிரித்தார்கள். பிறகு எடை குறைக்க ஓடிய ஒருவன் உளற ஆரம்பித்தபோது தூக்கி அதில் உட்காரவைத்தார்கள். கால் மணியில் தன் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் சிரிப்பதில்லை. எடை குறைக்க ஓடுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. ஆட்டத்தை அதிகாலையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கூட்டம் வராது என்கிறார்கள்.

பத்து மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை உடற்பயிற்சி சிகிச்சைக்காகப் பொன்னேரிக்குக் கூட்டிப்போகிறேன். கோட்டின்மேல் நடக்கிறார், பந்தைப் பிடிக்கிறார், கண்ணாடி முன்னால் நின்று எழுத்துகளை உரக்கச் சொல்கிறார். பாடு நாட்களில் அவருக்குப் பதிலாக வேறொருவர் வலை விடுகிறார். வெயில் ஏறிவிட்டால் வெளியே வரமாட்டார். வெயில் ஒருமுறை தாக்கிய உடம்பு மறுபடியும் சூட்டைத் தாங்காமல் போகலாம் என்பது மருத்துவர் சொன்னது. கையை நெற்றியில் வைத்துப் பார்க்காமல் என்னால் அவரைக் கடந்துபோக முடிவதில்லை.

போன வாரம் சிகிச்சை முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். அவர் படியில் கால் வைக்கத் தடுமாறினார். ஓட்டுநர், "குடிச்சவங்கள ஏத்தறதில்லம்மா, பொம்பளைங்க கீறாங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டிப்போய்விட்டார்.

மூடியிருந்த ஒரு கடையின் நிழலில் அவரை உட்காரவைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கி... நீயும்... அப்பிடித்தான் நெனச்சியா?"

பத்து மாதமாக எல்லாப் பழியையும் அண்ணன்மேல் போட்டு வைத்திருந்தேன். அந்த நாள் அவருக்கு நினைவில்லை. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"ஆமா" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம். கதவச் சாத்திட்டு வெளியே உக்காந்திருந்தேன்."

நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அவர் பேசத் தொடங்கினால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

"எனக்கு அந்த நாளே இல்ல ரேவதி" என்றார். "உன்கிட்டதான் கீது."

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஆட்டோ வந்தபோது, ஓட்டுநர் வாய் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன். "குடிக்கலண்ணா. வெயில் அடிச்சி மூளையில அடிபட்டவரு. ஏற நேரமாவும், கொஞ்சம் நில்லுங்க."

ஓட்டுநர் தலையசைத்துவிட்டு என்ஜினை அணைத்தார். தேசப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி, படியைக் கண்டுபிடித்து, வைத்தார். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அடுத்த காலுக்கு இன்னும் நேரம் ஆனது.